நாற்பத்தொரு பேர் எழுதிய தெருக்குழாய்

உலக எழுத்து வரலாற்றை இரண்டாகப் பிரிப்பதென்றால், எங்கள் உச்-புலாக் ஊரில் 'எழுத்தாளர் மற்றும் வலைப்பதிவர் உதவி மையம்' திறக்கப்படுவதற்கு முன், திறக்கப்பட்டதற்குப் பின் என்றுதான் பிரித்தாக வேண்டும். முன்பெல்லாம் எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த இருண்ட காலம் ஒழிந்தது.

மையம் பழைய கலாசார மாளிகையின் இரண்டாம் மாடியில், குத்துச்சண்டைக் கூடத்துக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே இருக்கிறது. ஒரு பக்கம் குத்து விழும் ஓசை, மறு பக்கம் பல் பிடுங்கும் ஓசை, நடுவில் படைப்பு. தலைவர் கெனெஷ்பெக் அவர்கள் முன்பு மாவட்டக் கால்நடைக் கணக்கெடுப்பில் இருந்தவர். முப்பது வருடம் ஆடுகளை எண்ணிய அனுபவம் எழுத்தாளர்களை எண்ணுவதற்கு அப்படியே கைகொடுத்தது. முதல் ஆண்டறிக்கையில் 'பயன் பெற்றோர் 312 பேர்' என்று எழுதினார். குத்துச்சண்டைக்கு வந்து கதவு மாறித் திறந்தவர்களும் அதில் அடக்கம்.

இப்படிப்பட்ட மையத்தின் பெருமையை ஒருவர் மூலமாக விளக்க வேண்டுமென்றால், ரொட்டிக்கார அனார்கானைத்தான் சொல்ல வேண்டும்.

அனார்கானுக்கு நாற்பத்தாறு வயது. வீட்டு முற்றத்தில் தந்தூர் அடுப்பு வைத்து ரொட்டி சுட்டு விற்கிறவர். கணவர் சாதிர் தலைநகர் பிஷ்கெக்குக்கு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நாலைந்து நாள்தான் ஊரில் இருப்பார். சின்னவர்கள் எல்லோருக்கும் அனார்கான் 'எஜே', அதாவது அக்கா. மாவு ஊறும் நேரத்தில் செல்பேசியில் ஒரு வலைப்பதிவு எழுதிவந்தார். பெயர் 'தந்தூர் ஓரம்'. அதற்கு அறுபத்து மூன்று வாசகர்கள். ஐம்பது பேர் உறவினர். மற்றவர்கள் உறவினராகப் போகிறவர்கள்.

செப்டம்பரில் அவர் ஒரு பதிவு போட்டார். முழுப் பதிவும் இவ்வளவுதான்:

'எங்கள் தெருக்குழாயில் மார்ச் மாதத்திலிருந்து தண்ணீர் வரவில்லை. தண்ணீர் அலுவலக இஷென்பெக் ஏப்ரலில் வந்து சரிசெய்வதாகச் சொன்னார். இப்போது செப்டம்பர். நான் ஆற்றிலிருந்து சுமக்கிறேன்.'

பதினொரு பேர் படித்தார்கள். மாஸ்கோவில் வேலை பார்க்கும் தங்கை ஒரு கட்டைவிரல் படம் போட்டாள். தண்ணீர் வரவில்லை.

தினமும் காலையில் இரண்டு பால் கேன்களைக் கைவண்டியில் கட்டி ஆற்றுக்கு இறங்குவதும், நிரப்பி மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறுவதுமாக அனார்கானின் இடுப்பு கழன்று கிடந்தது. இனி பாரம் தூக்கினால் படுக்கைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இன்னொரு கணக்கும் அவருக்குத் தெரியும். நவம்பர் பிறந்து உறைபனி விழுந்துவிட்டால் குழாய் வால்வைத் தொட முடியாது, தொட்டால் உடையும். பிறகு வசந்தம் வரை ஆறுதான். அந்த ஆறும் ஜனவரியில் கோடரி கொண்டு உடைத்தால்தான் தண்ணீர் தரும்.

அப்போதுதான் மையத்தின் சுவரொட்டி கண்ணில் பட்டது. 'உங்கள் எழுத்துக்குப் பலன் இல்லையா? பயனுள்ள வளங்களும் நடைமுறை அறிவுரைகளும் இலவசம்.' பலன் இல்லை என்பதில் அனார்கானுக்குச் சந்தேகமே இல்லை. மாவுக் கையைக் கழுவிக்கொண்டு மாடி ஏறினார்.

கெனெஷ்பெக் பதிவை மூன்று முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து நான்காம் முறையும் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா புரிஞ்சிடுதே," என்றார்.

"புரியக் கூடாதா, பைகே?" அனார்கான் அவரை அண்ணன் என்ற மரியாதையோடு 'பைகே' என்றுதான் கூப்பிட்டார்.

"உடனே புரியக் கூடாது. உடனே புரிஞ்சா வாசகர் உடனே எழுந்து போயிடுவார். கையேட்டுல மூணாவது அறிவுரை: வாசகரைக் காக்க வை."

"ஆறு மாசமா குழாயடியில காக்கத்தானே வச்சிருக்காங்க."

கெனெஷ்பெக் இதைக் கேட்கவில்லை. பெரிய அறிவுரையாளர்களுக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி அது.

"அப்புறம், இஷென்பெக்னு பேர் போட்டிருக்கீங்க. பேர் போட்டா படைப்பு பழசாயிடும். நாளைக்கே அவன் வேலை மாறிப் போயிட்டான்னா?"

"வேலை செஞ்சாத்தானே மாறிப் போறதுக்கு?"

"பாருங்க, இதைத்தான் கசப்புங்கறது. பதினாலாவது அறிவுரை: கசப்பைத் தேனாக்கு. சரி, மலை எங்க?"

"எந்த மலை?"

"பதிவுல மலையே காணோம்."

"மலை எங்க போச்சு, பைகே? ஜன்னல்ல பாருங்க, நிக்குது."

"ஜன்னல்ல நின்னு என்ன பிரயோஜனம்? பதிவுல நிக்கணும். மலை இல்லாம நம்ம ஊர்ல ஒருத்தன் மருந்துச் சீட்டுகூட எழுத மாட்டான். முக்கியமா ஒண்ணு, வாசகரோட வலியைத் தொடணும்."

"வலி என் இடுப்புலதான் இருக்கு."

கெனெஷ்பெக் குறிப்பேட்டில் 'இடுப்பு: தவிர்க்கலாம்' என்று எழுதிக்கொண்டார்.

அனார்கான் வெறுங்கையோடு திரும்பவில்லை. மையம் யாரையும் அப்படி அனுப்பாது. மையத்தின் சின்னம் பொறித்த துணிப்பை ஒன்று, சின்னம் பொறித்த பென்சில் ஒன்று, 'நாற்பத்தொரு நடைமுறை அறிவுரைகள்' என்ற கையேடு, 'பயனுள்ள வளங்கள்' என்ற பட்டியல் ஆகியவை வழங்கப்பட்டன. பட்டியலில் முதலாவது வளம் மையம். கடைசி வளமும் மையம். நடுவில் பல் மருத்துவரின் தொலைபேசி எண் இருந்தது.

அறிவுரைகள் ஏன் நாற்பத்தொன்று என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். மையத்தின் 'வாசகர் போக்கு ஆய்வுப் பிரிவு' நாற்பத்தொரு அவரைக்கொட்டைகளைக் கொண்டு இயங்குவதே காரணம். பிரிவின் பொறுப்பாளர் பூபூசாரா. முன்பு சந்தையில் தொலைந்த மாடு எந்தத் திசையில் போயிருக்கிறது என்று கொட்டை உருட்டிச் சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது பதிவை எந்தக் கிழமை வெளியிட்டால் வாசகர் வருவார் என்று சொல்கிறார். வேலை பெரிதாக மாறவில்லை என்று அவரே அடக்கத்தோடு குறிப்பிடுவார்.

அனார்கானுக்கு உருட்டிப் பார்த்து, "வியாழக்கிழமை போடு. ஒரு நல்ல சேதி வழியில இருக்கு. ஆனா வண்டி ரிப்பேர்," என்றார்.

மூன்று வாரம் அனார்கான் கையேட்டின்படியே நடந்தார். பெயரை எடுத்தார். மாதத்தை எடுத்தார். மலையைப் போட்டார். வியாழக்கிழமை வெளியிட்டார். வாசகர்கள், மையத்தின் மொழியில் சொன்னால், பதினொன்றிலிருந்து ஒன்பதாகக் 'கூர்மை' அடைந்தார்கள். தங்கைகூட இந்த முறை கட்டைவிரல் போடாமல், 'உடம்பு சரியில்லையா?' என்று கேட்டிருந்தாள்.

மீண்டும் மாடி ஏறினார்.

"பைகே, தண்ணி வரல."

கெனெஷ்பெக் நாற்காலியைவிட்டு எழுந்தார். மையத்தின் வரலாற்றில் அது ஒரு பொன்னான தருணம். "அனார்கான், வீட்டை யாராவது தனியாக் கட்டுவாங்களா?"

"மாட்டாங்க. ஆஷார் வைப்பாங்க."

"அப்புறம் பதிவை மட்டும் எதுக்குத் தனியா எழுதறீங்க?"

எங்கள் ஊரில் ஆஷாருக்கு ஒரு நாள் குறித்துவிட்டால் போதும். தெருவே திரண்டு வந்து மண் மிதித்து, கல் அறுத்து, சுவர் எழுப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவர் கொண்டுவந்த கல் கோணலாக இருந்தாலும் சுவரில் எங்காவது வைத்தே ஆக வேண்டும். எல்லாம் முடிந்தபின் வீட்டுக்காரர் வாசலில் நின்று, யார் யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். எர்கின் மண்வெட்டி கொண்டுவந்தார், மூக்காஷ் ஏணி கொண்டுவந்தார் என்று போகும். வெறும் வாயை மட்டும் கொண்டுவந்தவன் பெயர் வரும்போது வீட்டுக்காரர் சற்று நிறுத்துவார். அந்த நிறுத்தத்துக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க ஆள் வராது. அதற்குப் பயந்தே நடக்க முடியாதவர்கள்கூட மடியில் நாலு ஆணியையாவது முடிந்துகொண்டு வருவார்கள்.

இந்த மாபெரும் மரபை எழுத்துக்குக் கொண்டுவந்த பெருமை கெனெஷ்பெக் அவர்களையே சேரும். அக்டோபர் முதல் சனிக்கிழமை, அனார்கான் வீட்டு முற்றத்தில், தெருக்குழாய்ப் பதிவுக்காக ஆஷார் என்று அறிவிக்கப்பட்டது.

அனார்கான் கணவருக்கு போன் போட்டார்.

"ஆட்டை அறுத்துடு," என்றார் சாதிர், லாரி இரைச்சலுக்கு நடுவே. "ஆஷார்னா சும்மாவா? எத்தனை பேர்?"

"நாப்பத்தொரு பேராம்."

"நாப்பத்தொரு பேரா? ஒரு குழாய்க்கா? அப்ப மத்தியானத்துக்குள்ள தண்ணி வந்துடும்."

அனார்கானுக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றியது. நாற்பத்தொரு பேரில் ஒருவராவது குழாய்ப் பக்கம் போகாமலா இருப்பார்? அந்த நம்பிக்கையில் வெள்ளிக்கிழமை எட்டு நடை ஆற்றுக்குப் போய்வந்தார். சமைக்க, தேநீருக்கு, கை கழுவ, பாத்திரம் தேய்க்க. எட்டாவது நடையில் மேட்டின் பாதியில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தள்ளினார். இதை மையத்தின் ஆண்டறிக்கையில் காண முடியாது.

சனிக்கிழமை காலை எழுத்தாளர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்ய வேண்டும். ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர் ஜானிபாய் ஒரு கழுகு கொண்டுவந்தார். வங்கிக் காசாளர் ஒரு நிலாவைக் கொண்டுவந்தார். பல் மருத்துவர், புதிதாய் முளைத்த பல்லைப் போன்ற பனிச்சிகரம் ஒன்றைக் கொடுத்தார். குத்துச்சண்டைப் பயிற்சியாளர் 'கதைக்கு ஒரு மோதல் வேணும்' என்று பதிவுக்குள் இரண்டு ஆட்டுக்கிடாய்களை முட்டவிட்டார். ஊர்ப் பத்திரிகையில் இருபது வருடம் பிழை திருத்திய ஒருவர், 'பதிவின் இறுதியில் ஒரு மௌனம் வேண்டும்' என்று சொல்லி ஒரு மௌனத்தைக் கொண்டுவந்தார். அன்று குவிந்த கொடைகளிலேயே மிக உயர்ந்தது அந்த மௌனம்தான் என்பது பலருடைய கருத்து.

அனார்கான் அகப்பையோடு வந்து ஆசிரியரின் பின்னால் நின்றார்.

"சார், கழுகு எதுக்கு?"

"மேலேர்ந்து பாக்குது."

"எதை?"

"அதைச் சொல்லிட்டா என்னம்மா இருக்கு?"

"குழாயைப் பாக்குதுன்னு வச்சுக்கலாமா?"

ஜானிபாய் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "கழுகு அவ்வளவு கீழ பாக்காது," என்றார்.

பதினோரு மணிக்கு ஒருவர் வந்தார். தோளில் எப்போதும் தொங்கும் கனத்த தோல்பை. தண்ணீர் அலுவலக இஷென்பெக்.

அனார்கான் அகப்பையைக் கீழே வைத்தார். ஓடிப்போய் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து அவர் கையில் ஊற்றினார். இஷென்பெக் முழங்கை வரை நிதானமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டார்.

"வாங்க இஷென்பெக். குழாயைப் பாத்துட்டு வந்துடலாமா? நாலு எட்டுதான்."

"எஜே," என்று இஷென்பெக் கனிவோடு சொன்னார், "இன்னிக்கு சனிக்கிழமை. இன்னிக்கு நான் எழுத்தாளன்."

தோல்பையைத் திறந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். முற்றத்தில் போட்டிருந்த விரிப்பின் நடுவே அமர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "நீர் என்பது, பூமி நமக்கு எழுதும் கடிதம்."

முற்றம் கைதட்டலால் அதிர்ந்தது. கெனெஷ்பெக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷம் தண்ணியோட பழகினவனுக்குத்தான் இது வரும்," என்றார்.

"கடிதம் மார்ச்லேர்ந்து வரலியே," என்றார் அனார்கான்.

"ஏக்கம்! அதையும் சேருங்க!" என்றார் கெனெஷ்பெக்.

இப்படியாக மாலைக்குள் பதினான்கு பக்கம் எழும்பிவிட்டது. தலைப்பு 'நீரை நினைக்கும் மலை'. கொண்டுவந்த எதையும் விட முடியாது என்பதால் அனார்கானின் நான்கு வரிகளுக்குத்தான் இடம் போதவில்லை. குழாய் பதினொன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு முறை, 'இரும்பு மலர்' என்ற பெயரில் வந்தது. அதையும் ஒருவர் உண்மையான மலர் என்று நினைத்து நறுமணம் சேர்த்திருந்தார். இஷென்பெக்கின் பெயர் பதிவில் இடம்பெறவில்லை. ஆசிரியர் குழுவில் இடம்பெற்றது.

ஆடு தீர்ந்தது. எட்டு நடைத் தண்ணீரும் தீர்ந்தது. அனார்கான் தலைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு, நன்றி சொல்வதற்காக வாசலுக்குப் போனார்.

கெனெஷ்பெக் தடுத்துவிட்டார். "அந்தப் பழைய முறையெல்லாம் எதுக்கு? மையம் சான்றிதழே அடிச்சிருக்கு."

நாற்பத்தொரு பேருக்கும் 'எழுத்தாளர்' என்று தங்க நிற எழுத்தில் சான்றிதழ் வழங்கப்பட்டது. அனார்கானுக்கும் ஒன்று உண்டு. 'சிறந்த விருந்தோம்பல்.'

'நீரை நினைக்கும் மலை' மையத்தின் அந்த ஆண்டுக்கான சிறந்த பதிவு விருதை வென்றது. ஐந்து நடுவர்களும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஐவரும் அதை எழுதியவர்கள் என்பதால் படைப்பை அவர்களுக்கு ஆழமாகத் தெரிந்திருந்தது. பரிசாக ஒரு பித்தளைப் பலகை. படைப்பு பிறந்த இடத்தில் பொருத்துவதென்று முடிவானது.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை, தெருக்குழாயடியில் விழா. மலையில் பாதி வரை வெண்மை இறங்கிவிட்டிருந்தது. பலகையில் இப்படிப் பொறித்திருந்தது: 'இலக்கியத்துக்குத் தாகம் தந்த குழாய்.' பலகையைப் பொருத்த, துறை சார்ந்த ஆள் என்ற முறையில், இஷென்பெக் வந்திருந்தார்.

தோல்பையைத் திறந்தார். ஸ்பேனரை எடுத்தார். வால்வு இருக்கும் சிறு இரும்புக் கதவின் மேல் பலகையைக் குறுக்கே வைத்து நான்கு போல்ட் முடுக்கினார். ஒவ்வொன்றையும் மூச்சைப் பிடித்து இன்னொரு சுற்று இறுக்கினார். அவருடைய கைவேலையை அனார்கான் முதல் முறையாகப் பார்த்தார். நல்ல கை.

"இஷென்பெக், ஸ்பேனர்தான் கையில இருக்கே. பலகையைக் கழற்றிட்டு உள்ள இருக்கற வால்வை ஒரு திருகு..."

"எஜே, இது இப்ப நினைவுச் சின்னம். கை வைக்கக் கூடாது."

"நீங்க இப்பத்தானே நாலு போல்ட்டு வச்சீங்க?"

"அது கௌரவிக்கறது. நீங்க சொல்றது ரிப்பேர்."

அனார்கான் கெனெஷ்பெக்கைப் பார்த்தார். "பைகே, அடுத்த வாரம் உறைஞ்சுடும். அப்புறம் வசந்தம் வரைக்கும் நான் எங்க போவேன்?"

"யோசிச்சுப் பாருங்க அனார்கான். இதுல தண்ணி வந்துட்டா பதிவோட சோகமே போயிடும். நாப்பத்தொரு பேர் உழைப்பு."

அனார்கான் பால் கேன்களை எடுத்து வண்டியில் கட்டினார். கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாதிர் போன் செய்தார். "என்ன, தண்ணி வந்துச்சா?"

"பலகை வந்திருக்கு."

"சரி, ஆஷாருக்கு வந்தவங்க என்னதான் கொண்டு வந்தாங்க?"

எங்கள் ஊரில் ஆஷார் முடிந்தபின் யாரும் கேட்கும் கேள்வி. அனார்கான் நினைவுபடுத்திச் சொல்லத் தொடங்கினார். கழுகு, நிலா, பல், இரண்டு கிடாய். அந்தப் பக்கம் சாதிர் வண்டியை ஓரம் கட்டினார் போலிருக்கிறது, லாரி இரைச்சல் நின்றது.

"ஸ்பேனர் யாரும் கொண்டு வரலியா?" என்று கேட்டார்.

போனை வைத்தபின்தான் அனார்கானுக்குச் சுருக்கென்றது. வீட்டில் ஆஷார் நடந்து மூன்று வாரமாகிறது, இன்னும் வாசலில் நின்று நன்றி சொல்லவில்லை. எவ்வளவு பெரிய தப்பு. சான்றிதழ் கொடுத்தது மையம். சாப்பாடு போட்டது அவர். நன்றி அவர்தானே சொல்ல வேண்டும்? வாசலில் நின்று கத்த இடுப்பு ஒத்துழைக்கவில்லை. ஆகவே செல்பேசியை எடுத்தார். பூபூசாராவைக் கேட்காமலேயே, ஞாயிற்றுக்கிழமையே வெளியிட்டார்.

'ஆஷாருக்கு நன்றி. மார்ச் மாதத்திலிருந்து தண்ணீர் வராத எங்கள் தெருக்குழாய்க்காக என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்களும், அவர்கள் கொண்டுவந்ததும்:

ஜானிபாய் ஆசிரியர், கழுகு.

தலைவர் கெனெஷ்பெக், நாற்பத்தொரு அறிவுரை.

தண்ணீர் அலுவலக இஷென்பெக், பூமி எழுதிய கடிதம்.'

இப்படி நாற்பத்தொரு பெயர். ஒன்றும் விடவில்லை; ஒருவரையும் திட்டவில்லை. கடைசி வரி: 'ஸ்பேனர் யாரும் கொண்டுவரவில்லை. எல்லோருக்கும் நன்றி.'

கையேட்டின் நாற்பத்தொரு அறிவுரைகளில் முப்பத்தெட்டை ஒரே அடியில் மீறிய இந்தப் பதிவை, உச்-புலாக்கில் செல்பேசி வைத்திருந்த எல்லோரும் மதியத்துக்குள் படித்து முடித்தார்கள். செல்பேசி இல்லாதவர்களுக்குச் சந்தையில் வாசித்துக் காட்டப்பட்டது. ஜானிபாய் ஆசிரியர் கறிக்கடைக்குப் போனபோது, கடைக்காரர் "உங்களுக்கா, கழுகுக்கா?" என்று மரியாதையோடு கேட்டார். வங்கியில் காசாளரிடம் ஒருவர் நிலாவை மாற்றிச் சில்லறையாகக் கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை வங்கி ஏது என்று நீங்கள் கேட்பீர்கள், அவர் வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கிறார்.

இஷென்பெக்கின் மாமியார் தலாஸ் ஊரிலிருந்து போனில் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, ஆஷாருக்குக் கடிதம் கொண்டு போனீங்களாமே?"

"அது ஒரு உவமைங்க, அத்தே."

"பொண்ணு கேட்டு வந்தப்ப பிளம்பர்னுதானே சொன்னாங்க?"

இரண்டு மணிக்கு இஷென்பெக் குழாயடியில் நின்றார். அவர் மட்டுமா? தெருவே நிறைந்துவிட்டது. ஜானிபாய் ஆசிரியர் கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தார். காசாளர் மண்வெட்டி, பல் மருத்துவர் தம்மிடமிருந்த மிகப் பெரிய இடுக்கி, குத்துச்சண்டைக்காரர் ஏணி. குழாய் நெஞ்சு உயரம்தான். ஆனாலும் ஏணி ஏணிதானே. எல்லோரும் அவரவர் கருவியை அனார்கான் கண்ணில் படும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை. இன்னிக்கு யாரு?" என்று கேட்டார் அனார்கான்.

"பிளம்பர், எஜே," என்றார் இஷென்பெக் தலையைக் குனிந்துகொண்டு.

அவர் இறுக்கிய நான்கு போல்ட்டையும் அவரே கழற்றுவதற்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. வால்வுக்குப் பத்து நிமிடம். ரப்பர் வாஷர் ஒன்று தேய்ந்திருந்தது. பெருவிரல் நகம் அளவு. முதலில் குழாய் இருமியது, பிறகு துரு நிறத்தில் துப்பியது, பிறகு பளிங்கு மாதிரி கொட்டியது. அனார்கான் பால் கேனை வைக்கக்கூட மறந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். குளிர்ந்த தண்ணீர் சட்டைக் கையெல்லாம் நனைத்தது. சிரித்தார். அவர் சிரித்து அந்த வருடம் யாரும் பார்த்திருக்கவில்லை.

"இருங்க, எல்லாருக்கும் தேநீர் போடறேன்," என்றார். ஒருவரும் நிற்கவில்லை. கருவிகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு இரண்டு நிமிடத்தில் காலியானது.

மையம் இந்த மகத்தான வெற்றியை ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டது. 'மையத்தின் பயிற்சியால் பயன் பெற்றோர்: 312. குழாய்: 1.' பித்தளைப் பலகை இப்போது மையத்தின் வாசலில் இருக்கிறது. கையேட்டின் புதிய பதிப்பில் நாற்பத்திரண்டாவது அறிவுரையும் வந்துவிட்டது: 'பெயர் போடலாம். மையத் தலைவரின் பெயர் தவிர.' பூபூசாரா, வண்டி ரிப்பேர் என்று தாம் அன்றே சொன்னதை எல்லோருக்கும் நினைவூட்டுகிறார்.

இவ்வளவு நேரம் மையத்தைப் போற்றியவன் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அனார்கான் பதிவில் பதினேழாவது வரி இப்படி இருந்தது: 'பிழை திருத்துகிற எசென்பாய், மௌனம்.'

எசென்பாய் நான்தான். அன்றைக்கு விரிப்பில் இஷென்பெக்குக்கு அடுத்த இடம் என்னுடையது. நோட்டுப் புத்தகத்தை எடுக்க அவர் தோல்பையைத் திறந்தபோது உள்ளே ஸ்பேனர் இருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் அனார்கான் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தேநீர்க் கெண்டியோடு நின்றிருந்தார்.

நான் என் கிண்ணத்தை நீட்டினேன்.